எடைக்குப் போடும் முன்...

பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்புக்கு ஏற்ற இலகுவான இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய தலையணை உறையில் சுற்றி வைத்திருந்த அந்த லேப்டாப் வெளியே வந்தது. என் அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது அரசுப் பள்ளியில் கொடுத்தது. அதில்தான் அவள் கல்லூரி ப்ராஜெக்ட் செய்தாள். அதில்தான் வேலைக்கு விண்ணப்பித்தாள். வேலை கிடைத்துப் பெங்களூரு போனபோது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். "தம்பி, தெருவுல பழைய இரும்புக்காரர் வந்திருக்கார். இதையும் எடைக்குப் போட்டுடட்டுமா?" என்று அக்கா கேட்டார்.

சார்ஜரைச் செருகிப் பட்டனை அழுத்தினேன். விண்டோஸ் வந்து, மவுஸ் அம்பு நம் சொல்லைக் கேட்கும் நிலைக்கு வர ஆறு நிமிடம் ஆனது. பிரவுசரைத் திறந்ததும் விசிறி இரைந்தது. திரை அப்படியே உறைந்து நின்றது. ஆனால் கீபோர்டில் எல்லா எழுத்துகளும் விழுந்தன. திரையில் ஒரு கோடுகூட இல்லை. ஸ்பீக்கர் பாடியது. பேட்டரி போய்விட்டதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாத ஓர் இயந்திரத்தைக் கிலோ கணக்கில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒரு வாரம் கொடுங்கக்கா, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ பரண்கள் இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் லட்சக்கணக்கானோர் லேப்டாப் பெற்றார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கணினி. இவற்றோடு, சொந்தக் காசில் வாங்கிய பழைய லேப்டாப்புகளும் சேர்ந்து இப்போது ஒரு முடிவுக்காகக் காத்திருக்கின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வீட்டில் பயன்படுத்துவோர் தனியாகப் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் அந்தத் தேதிக்குப் பிறகும் ஓராண்டுக்குக் கிடைக்கும் என்று அறிவித்தது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். அந்தத் தலைமுறை கடைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முந்தைய லேப்டாப்புகளுக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது.

குப்பைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் மட்டும் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். ஒரு லேப்டாப் தன் ஆயுளில் விடும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. அதனால் வாங்கிய லேப்டாப்பை இன்னும் நாலைந்து வருடம் ஓட்டுவது நாம் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று.

எங்கே திணறுகிறது?

'ஸ்லோ ஆயிடுச்சு' என்று நாம் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே கதைதான். ராம் என்பது சமையல் மேடை. ஹார்டு டிஸ்க் என்பது மாடியில் இருக்கும் ஸ்டோர் ரூம். மேடை நிரம்பிவிட்டால், ஒரு பாத்திரத்தை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வர வேண்டும். கணினியில் இதற்கு 'ஸ்வாப்' என்று பெயர். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் சுழலும் தட்டு. அதன் மேல் ஒரு முள் ஓடி ஓடித் தகவலை எடுக்க வேண்டும். 2 ஜிபி ராமில் விண்டோஸே மேடையை அடைத்துக்கொள்ள, பிரவுசர் திறந்ததும் இந்த மாடி ஏறி இறங்கும் வேலை தொடங்கிவிடுகிறது. திரை உறைந்து நிற்பது அந்த நேரத்தில்தான்.

ஆகவே இரண்டு வழிகள். மேடையைப் பெரிதாக்கி, மாடிப்படியைச் சுருக்கலாம்: அதாவது ராமைக் கூட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போடலாம். அல்லது மேடையில் குறைந்த இடம் பிடிக்கும் இயங்குதளத்தைப் போடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் கண்கூடாகத் தெரியும். ஒன்றுதான் முடியும், கொஞ்சம் செலவும் செய்யலாம் என்றால் எஸ்எஸ்டிக்கே என் ஓட்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எவ்வளவு இலகுவான இயங்குதளத்தைப் போட்டாலும் யூடியூப் அதே யூடியூப்தான். ஜிமெயில் அதே ஜிமெயில்தான். இன்றைய இணையப் பக்கங்களின் கனத்தை இயங்குதளத்தால் குறைக்க முடியாது. அவற்றுக்குக் கொஞ்சம் அதிக இடம்தான் ஒதுக்கித் தர முடியும். 'இதைப் போட்டால் ராக்கெட் மாதிரி பறக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

முதலில் இயந்திரத்தைப் பாருங்கள்

தேர்வு தொடங்குவது மூன்று கேள்விகளில். முதலாவது, ப்ராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா? இரண்டாவது, ராம் எவ்வளவு? மூன்றாவது, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? முதல் இரண்டுக்கும் விண்டோஸின் 'சிஸ்டம்' பக்கத்தில் பதில் கிடைக்கும். அங்கே 32 பிட் விண்டோஸ் என்று போட்டிருந்தாலும் ப்ராசஸர் 64 பிட்டாக இருக்கலாம். கவனித்துப் படியுங்கள்.

32 பிட் மட்டுமே என்றால் நிலைமை கொஞ்சம் நெருக்கடிதான். 2008 வாக்கில் வந்த குட்டி நெட்புக்குகளில் இருந்த இன்டெல் ஆட்டம் என்270 அந்த வகை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் இயங்குதளங்களில் உபுண்டு குடும்பம் 32 பிட்டை எப்போதோ கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவியே இல்லை. லினக்ஸில் 32 பிட் ஃபயர்பாக்ஸும் 144ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆன்டிஎக்ஸ், பப்பி போன்றவற்றில் 32 பிட் பதிப்புகள் இன்னும் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டு எழுதலாம், பாட்டுக் கேட்கலாம், பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக்கலாம். வங்கிக் கணக்கைத் திறக்கும் வேலையை மட்டும் அந்த லேப்டாப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

64 பிட், 2 ஜிபி ராம் என்றால் ஆன்டிஎக்ஸ், லுபுண்டு இரண்டும் நல்ல தொடக்கம். டெபியனை அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 256 எம்பி ராம் உள்ள பழங்காலக் கணினிகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. லுபுண்டு, உபுண்டுவின் இலகுவான பதிப்பு. எல்எக்ஸ்க்யூடி என்ற எளிமையான திரை அமைப்போடு வருகிறது. பார்ப்பதற்குப் பழைய விண்டோஸின் சாயல் இருக்கும். பப்பியின் வழி தனி. ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003இல் தொடங்கியது. மொத்தமாக ராமில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓடுவதால், ஹார்டு டிஸ்க்கே செத்துப்போன லேப்டாப்பைக்கூடப் பென் டிரைவிலிருந்து ஓட்டலாம்.

4 ஜிபி இருந்தால் கவலை பாதி தீர்ந்தது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எம்எக்ஸ் லினக்ஸ் இரண்டும் நன்றாக ஓடும். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி போதும், சௌகரியத்துக்கு 4 ஜிபி என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. எல்லா வேலையும் பிரவுசரிலேயே முடிந்துவிடும் என்பவர்களுக்கு கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. அதற்கும் 64 பிட், 4 ஜிபி வேண்டும். ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடா. இணையம் இல்லாவிட்டால் செய்ய முடிகிற வேலையும் குறைவு. 8 ஜிபி உள்ளவர்கள் 'இலகு' என்ற சொல்லையே மறந்துவிட்டு, பிடித்த எந்த லினக்ஸையும் போட்டுக்கொள்ளலாம்.

அக்காவை உட்கார வைத்தேன்

இந்த லேப்டாப் 64 பிட், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். கணக்குப்படி ஆன்டிஎக்ஸ்தான் பொருத்தம். ஆனால் இதில் வேலை செய்யப்போவது நான் இல்லை. அக்கா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். பதினான்கு பேரின் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் நீள நோட்டில் பென்சிலால் கோடு போட்டு எழுதுவார். அதைக் கணினியில் ஏற்ற வேண்டும், தமிழில் அடிக்க வேண்டும், மாதம் ஒரு தாள் அச்செடுக்க வேண்டும், ஓய்வு நேரத்தில் ஒரு வீடியோ பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லினக்ஸில் ஒரு பெரிய வசதி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வென்டாய் என்ற கருவியைப் போட்டுவிட்டால் ஒரே பென் டிரைவில் பல இயங்குதளங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றை வைத்துக்கொண்டு அக்காவை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்வது என்று முடிவு.

ஆன்டிஎக்ஸ் மற்ற இரண்டையும்விடச் சட்டென்று வந்து நின்றது. ஆனால் எழுத்து சின்னது, மெனு புதிது. அக்கா மூன்று நிமிடத்தில் நான்கு தடவை என் முகத்தைப் பார்த்தார். லுபுண்டுவில் அவர் கை கொஞ்சம் தைரியமாக நகர்ந்தது. கணக்குத் தாளைத் திறந்தார். கூடவே யூடியூபைத் திறந்ததும் லேப்டாப் மூச்சு வாங்கியது. மின்ட்டில் இடது மூலையில் மெனு, பெரிய எழுத்து, பழக்கமான கோப்பு அடுக்கு. அவரே தாளைத் திறந்தார், அவரே சேமித்தார், அவரே மூடினார். வேகத்தில் மூன்றாவதாக வந்த மின்ட்தான் அக்காவுக்குச் சரி என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதைத் தாங்குகிற அளவுக்கு லேப்டாப்பைத் தயார் செய்வது என் பொறுப்பு.

அடுத்த நாள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய ராமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனது நல்லதாயிற்று. டிடிஆர்3 ராமில் 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் வகையும் உண்டு. மாற்றி வாங்கினால் சில லேப்டாப்புகள் எழும்பவே எழும்பாது. கடைக்காரர் பழைய ராமின் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு அதே வகையில் செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி எடுத்துக் கொடுத்தார். சில நூறு ரூபாய்தான் ஆனது. எஸ்எஸ்டி புதிதாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்தால் விசிறியின் வாயில் பஞ்சு போலத் தூசி. பெயின்ட் பிரஷால் அதைத் துடைத்ததிலேயே பாதி சூடு குறைந்தது.

இன்னொரு சிக்கல் நான் எதிர்பாராதது. வைஃபை இணைந்தது, ஆனால் எந்த இணையதளமும் திறக்காமல், 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றே வந்தது. காரணம் தேடித் தேடி, கடைசியில் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: 2012. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்ததால், ராம் மாற்றச் சார்ஜரைக் கழற்றியதும் தேதி பின்னால் போயிருந்தது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை பிரவுசர் ஏற்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் எல்லாத் தளங்களும் திறந்தன. இதைத் தெரியாமல் 'நெட் வேலை செய்யல' என்று எத்தனை லேப்டாப்புகள் மூலைக்குப் போயினவோ!

மின்ட்டை நிறுவிய பிறகு, பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்தில் திரை தயார்.

ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை ஓட்டியபோது, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் விண்டோஸோடு இன்னொரு பெயரும் இருந்தது: பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அக்கா மகளுக்கு போன் செய்து கேட்டேன். "அது ஏதோ எரர்னு நினைச்சேன் மாமா" என்றாள். வீட்டில் கணினி தெரிந்த ஆள் நான் ஒருவன் இருந்தும், அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்து காட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இப்போதும் இருக்கிறது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. அதற்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அந்த மாநில அரசின் கைட் நிறுவனம் நடத்திவருகிறது. அங்கே பிள்ளைகளுக்கு லினக்ஸ் அந்நியமாக இல்லாததற்குக் காரணம், கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. நம் ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னை, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூட்டம் நடத்துகின்றன. கணியம் மின்னிதழ் 2012 முதல் லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதி இலவசமாகக் கொடுக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

இங்கே எச்சரிக்கை தேவை

டேலி, ஃபோட்டோஷாப் போன்ற விண்டோஸ் மென்பொருள்களில்தான் பிழைப்பு என்றால் லினக்ஸுக்கு மாறுவது உதவாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் நிறைய வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருக்களை லினக்ஸில் நிறுவிப் படித்துக்கொள்ளலாம். தொடர்ந்து அதிலேயே அடிக்க வேண்டும் என்றால் சிரமம். யூனிகோடுக்கு மாறிவிடுவதே நல்லது.

சில சர்வீஸ் கடைகளில் 'லைட் விண்டோஸ்' போட்டுத் தருகிறோம் என்பார்கள். யாரோ முகம் தெரியாதவர் விண்டோஸின் உறுப்புகளை வெட்டி எடுத்துச் சுற்றுக்கு விட்ட பதிப்பு அது. பாதுகாப்பு அப்டேட்டையே வெட்டியிருக்கலாம். வேறு எதையாவது உள்ளே வைத்துமிருக்கலாம். ஆதார், வங்கி என்று எல்லாமே கணினி வழியாகப் போகும் காலத்தில் அந்த இலகு நமக்கு வேண்டாம்.

வீட்டிலேயே செய்ய: ஏழு படிகள்

1. முதல் வேலை காப்புப் பிரதி. படம், சான்றிதழ், கடிதம் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் வையுங்கள். அக்கா மகள் போனில் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, காலேஜ் ஃபோட்டோவை அழிச்சிடாதீங்க!"

2. இயங்குதளத்தை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 64 பிட்டா, 32 பிட்டா என்று பார்த்து எடுங்கள்.

3. 8 ஜிபி பென் டிரைவ் போதும். ரூஃபஸ், பலேனா எட்சர், வென்டாய் மூன்றில் ஒன்றால் அதில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும்.

4. லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9, எஃப்2, எஸ்கேப் இவற்றில் ஒன்று பூட் பட்டியலைக் கொண்டுவரும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

5. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் என எல்லாவற்றையும் சோதியுங்கள். சில பழைய வைஃபை சில்லுகளுக்குத் தனியாக டிரைவர் போட வேண்டியிருக்கும். பென் டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

6. யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரை உட்கார வையுங்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

7. பிடித்திருந்தால் நிறுவுங்கள். ராம் குறைவு என்றால் இசட்ராம் என்ற வசதியை இயக்குங்கள். ராமில் இருப்பதைச் சுருக்கி வைத்து இடத்தை மிச்சப்படுத்தும். பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போட்டு, ஒரே நேரத்தில் நாலைந்து பக்கங்களுக்கு மேல் திறக்காமல் பழகுங்கள்.

தமிழ் ஹையர்

எல்லாம் முடிந்து தமிழ் விசைப்பலகை போடும்போது, தமிழ்99 போடட்டுமா, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வருவதைப் போடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "டைப்ரைட்டிங் மாதிரி இருக்குமா?" என்றார். அக்கா கல்யாணத்துக்கு முன் தட்டச்சுப் பள்ளிக்குப் போய்த் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பில் தட்டச்சு முறையும் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தேன்.

முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டைத் தூக்கி, விரல்களை வரிசையில் வைத்தார். ஒன்றிரண்டு குறியீடுகள் இடம் மாறியிருந்தன; இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது. குழுவில் உள்ள பதினான்கு பெயர்களையும் கீபோர்டைப் பார்க்காமலே அடித்தார். முப்பது வருடமாக அந்த விரல்களுக்கு வேலையே இல்லை. வேலை கொடுக்கும் இயந்திரம் பத்து வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தும், முதலில் மகள் கையிலும் பிறகு பரணிலும் இருந்தது.

பழைய ஹார்டு டிஸ்க் இப்போது ஒரு கேஸில் போட்டு, மாதம் ஒரு முறை கணக்கைப் பிரதி எடுக்கும் பெட்டியாகிவிட்டது. லேப்டாப் பேட்டரி இல்லாததால், ஒவ்வொரு வரி அடித்ததும் சேமிக்க அக்கா பழகிக்கொண்டார். எங்கள் ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. முதல் மாதக் கணக்கை ஏற்றிய அன்று கூட்டல் தானாக வந்து நின்றதை அவர் லேசில் நம்பவில்லை. நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து, இரவு பத்து மணி வரை வரி வரியாக ஒத்துப் பார்த்தார். லேப்டாப் காட்டிய தொகை சரி. நோட்டில் ஒருவருடைய 40 ரூபாய் சேமிப்பு கூட்டலில் விடுபட்டிருந்தது.

மறுநாள் காலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் அக்கா காபி குடித்தார்.